எலுமிச்சை மணந்த கடல்

அக்காவின் மூன்று மூட்டைகளையும் நான் துவைத்துவிட்டேன்.

சும்மா தண்ணீரில் முக்கி எடுக்கவில்லை, முறைப்படி செய்தேன். சலவை இயந்திரத்தில் படிகிற சுண்ணாம்புக் கறையை எடுக்க ஓர் அமிலம் வைத்திருக்கிறோம். முதலில் அதில் ஊறப்போட்டேன். பிறகு காலுறைகளுக்கான வலைப்பைகளில் வகை பிரித்துப் போட்டு, ஓட்டல் விரிப்புகளுக்கு வைக்கிற சுற்றில் ஓடவிட்டேன். போதாதென்று எலுமிச்சை வாசனைத் திரவம் இரண்டு மூடி கூடுதலாக ஊற்றினேன். காய்ந்ததும் மடிப்பு மேசையில் வெள்ளை விரிப்புப் போட்டு அடுக்கினேன். பல்துலக்கிகள் ஒரு பக்கம், சீப்புகள் ஒரு பக்கம், சிகரெட் லைட்டர்கள் ஓரமாக. மீன்வலைத் துண்டுகளைத் துவாலை மாதிரி நான்காக மடித்தேன். ஒற்றைச் செருப்புகளுக்கு அளவு பார்த்து, நிறம் பார்த்து ஜோடிகூடச் சேர்த்துவிட்டேன். கல்யாணத் தரகர்களின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மூட்டைகளில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் நான் செய்த காரியத்தின் முழு அழகும் விளங்கும். அக்கா பல வருடங்களாகக் கடற்கரையில் நடந்து பொறுக்கிச் சேர்த்த பிளாஸ்டிக் அது. அவள் பொறுக்கியது பிளாஸ்டிக்குக்காக அல்ல, அதன்மேல் வளர்ந்திருந்தவற்றுக்காக. பல்துலக்கியில் நார் இருக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொட்டுகள் போலக் குட்டிச் சிப்பிகள். சீப்பின் பல்லிடுக்கெல்லாம் பச்சைப் பாசி. ஒரு பொம்மையின் உடைந்த கையில், மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்டுவிட்டதுபோல் ஒரு சிப்பி வரிசை.

"நாம தூக்கிப் போட்டதைக் கடல் தன் பிள்ளைன்னு நினைச்சு மடியில வச்சுக்குது பாரு" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். நானும் தலையாட்டினேன். அப்போது என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: இவ்வளவு அழுக்கா!

அக்கா பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் சலவைக்கடையின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. வாழ்க்கையில் முதன்முறையாக, பெரிய காட்சிக்கூடத்தில் அவளுக்கென்று தனியாக ஓர் அறை தருவதாகப் பேச்சு. காட்சிக்கூடத்து மேடம் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் அறை அக்காவுக்கு. இல்லையென்றால், தான் மாடிப்படியில் உருண்டு விழுவதை வீடியோ எடுக்கிற ஓர் இளைஞர் அடுத்துக் காத்திருந்தார், அவருக்குப் போய்விடும். இவ்வளவு பெரிய மனுஷி பார்க்க வரும்போது சரக்கு பளிச்சென்று இருக்க வேண்டாமா? சலவைக்கடைக்காரன் தம்பியாக இருந்து பிறகு என்னதான் பிரயோசனம்?

அக்கா உள்ளே வந்தபோது நான் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தேன்.

"எப்படி?" என்றேன்.

அவள் பொம்மைக் கையை எடுத்தாள். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது, பிறந்த குழந்தை கை மாதிரி. மூக்கருகே கொண்டுபோனாள்.

"எலுமிச்சை" என்றாள்.

"ஆமாக்கா! ஒசத்தி சரக்கு."

அக்கா மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தில்தான், பல்லை மூடிக்கொள்வது நல்லது என்று எனக்குப் பட்டது.

"கெடுத்துட்டேனாக்கா?"

"ம்ம்... நல்லா உழைச்சிருக்க" என்றாள்.

இதுதான் என் அக்காவிடம் உள்ள சிக்கல். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவள். நாய் வரையச் சொல்லி நாற்காலி வரைந்துகொண்டு வந்தாலும், "நல்ல முயற்சி, கால் நாலும் சரியா இருக்கு" என்றே சொல்லிப் பழகியவள். நல்லது, கெட்டது என்று அவள் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டதே இல்லை. என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது, "பொண்ணு எப்படிக்கா?" என்று கேட்டேன். "அந்தச் சுவருக்கு அந்தப் புடவை எடுப்பா இருந்துச்சு" என்றாள். அதை நம்பித்தான் தலையை நீட்டினேன்.

அந்தச் சுவருக்கு எடுப்பாக இருந்தவள் இப்போது ஓட்டல் விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க கைக்கு வேலை இல்லாட்டி பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?"

"உதவி பண்ணலாம்னுதான்..."

"நீங்க உதவாம இருக்கிறதே பெரிய உதவி. அண்ணி, டீ போடட்டுமா?"

"போடும்மா" என்றாள் அக்கா, பொம்மைக் கையை மடியில் வைத்தபடி.

மறுநாள் பரிகாரமாக அக்காவைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். குப்பைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு மூட்டை நிறைந்தது. ஆனால் எல்லாம் புதுசு. நேற்று எறிந்த பாட்டில், முந்தாநாள் எறிந்த மூடி. பாசி பிடிக்க வருடங்கள் வேண்டும். கடல் என்ன என் கடையா, அவசர டெலிவரி என்று எழுதி ஒட்டி வைக்க?

அடுத்தநாள் மீன்தொட்டி விற்கும் கடையில் குட்டிச் சிப்பிகள் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, பல்துலக்கியில் பசை போட்டு ஒட்டினேன். மூன்று ஒட்டுவதற்குள் என் கட்டைவிரலும் பல்துலக்கியும் ஒன்றாகிவிட்டன. அப்படியே கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன்.

"நல்ல முயற்சி" என்றாள்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லு. கெடுத்துட்டேனா இல்லையா?"

"விரலை வெந்நீர்ல வை, வந்துடும்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பாழாய்ப்போன அந்த நிதானம்தான் என்னைச் சுட்டது. அவள் பின்னறையில் சுத்தமான லைட்டர்களைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். மேடம் வருகிற அன்றைக்கு என்ன காட்டுவது என்பதைப் பற்றி மூச்சே விடவில்லை.

புதன்கிழமை மதியம் நான் டிரையரின் வலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். துணி காயும்போது உதிர்கிற பிசிறெல்லாம் அந்த வலையில் வந்து படியும். ஓரத்தில் நகத்தை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தால், பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வரும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். பெரிய மனிதர்களுக்கு வேறு சுகங்கள் இருக்கலாம்.

"அது என்னடா?" என்றாள் அக்கா.

"எது, இந்தப் பிசிறா? தினம் வர்றதுதான்."

"கொடு."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீலமும் சாம்பலும் கலந்த மெத்தென்ற ஒரு தாள். நடுநடுவே நுரை மாதிரி வெள்ளைக் கீற்றுகள். அன்று காலை உடற்பயிற்சிக் கூடத்துத் துணிகளும் ஓட்டல் போர்வைகளும் ஓடியிருந்தன.

"இது பஞ்சா?"

"பஞ்சு எங்கக்கா இருக்கு இந்தக் காலத்துல? பனியன், போர்வை, திரைச்சீலை எல்லாம் பாலியெஸ்டர். நூலா இழுத்த பிளாஸ்டிக்."

"இந்த வலையில மாட்டாதது?"

"துவைக்கும்போதே பாதி தண்ணியோட போயிடும்."

"எங்க?"

"சாக்கடைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மாமியார் வீட்டுக்கா போகும்? கடலுக்குத்தான்."

சொன்னபிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பின்னால் பெரிய இயந்திரம் நாற்பது போர்வைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. அழுக்குத் தண்ணீர் குழாயில் களகளவென்று இறங்குகிற சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான். ஊர் அழுக்கைப் போக்குகிறவன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். போக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறேன்.

அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் தோள்கள் குலுங்கின. ஐயோ, அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய்... நான் அங்க குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிட்டு இருந்திருக்கேன். நீ இங்க உக்காந்து அனுப்பிட்டு இருந்திருக்க!"

"தெரிஞ்சா பண்ணினேன்?"

"நல்ல குடும்பம்டா நம்ம குடும்பம்!" மூக்கைப் பிசிறால் துடைத்துக்கொண்டாள், தும்மினாள், மறுபடியும் சிரித்தாள். மனைவி ஓடிவந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அமிலத்தை மூடி வச்சீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுப் பழைய பிசிறுகளையெல்லாம் மீட்டெடுத்தோம். மறுநாள் முழுவதும் அக்கா அவற்றை ஓரத்தோடு ஓரம் வைத்து ஈரக்கையால் நீவி ஒட்டினாள். பின்னறையில் கொடிகட்டி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போர்வை அகலத்துக்குக் கடல் தொங்கியது. பெரிய கடல் என்று சொல்ல மாட்டேன். ஒரு குட்டை அளவுக்கு இருந்தது.

காட்சிக்கூடத்து மேடம் வந்தார். உயரமானவர், கழுத்தில் கண்ணாடி தொங்கும். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சுவாரசியமா இருக்கு" என்றார்.

"அப்படின்னா நல்லா இருக்கா மேடம், நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"பல தளங்கள்ல இயங்குது."

"எந்தத் தளத்துல அறை கிடைக்கும்?"

மனைவி என் இடுப்பில் கிள்ளினாள். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிசிறுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. சாதாரணத் தும்மலா அது? தளம் எல்லாம் அதிர்ந்தது.

கடல் அசைந்தது. இந்தக் கோடியில் ஒரு மடிப்பு எழுந்து, மெதுவாகப் புரண்டு, அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது. நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மேடம் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி, "இன்னொண்ணும் வருது" என்றார். வந்தது. மறுபடியும் ஓர் அலை.

"அக்கா, இதை மரச்சட்டத்துல அடிக்கணும்னு சொன்னியே?" என்றேன்.

"அடிக்கக் கூடாது" என்றாள் அவள், அலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆளுங்க மூச்சுபட்டு ஆடணும். யாரு கிட்ட வந்தாலும் ஆடணும்."

அறை கிடைக்குமா என்று கேட்டதற்கு மேடம் "பார்க்கலாம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை போன் வந்தது. அக்கா கேட்டுக்கொண்டாள், "சரிங்க, சரிங்க" என்றாள், வைத்தாள், நேராகப் போய் இயந்திரத்தின் மூடியில் இரண்டு கையாலும் தாளம் போட்டாள். அப்படித்தான் எங்களுக்குச் சேதி தெரிந்தது.

ஓர் அறையை நிறைக்கிற கடலுக்கு என் கடைப் பிசிறு காணாது. மூன்று வாரம்தான் இருந்தது. எதிர்க்கடைக்காரரிடம் போக வேண்டியதாயிற்று. அவரும் சலவைக்கடைதான். நான் பச்சைப் பலகை மாட்டிய மறுமாதம் அவரும் பச்சைப் பலகை மாட்டியதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கேட்டால் கதையைத் திருப்பிச் சொல்வார்.

"அண்ணே, உங்க டிரையர் பிசிறு கொஞ்சம் வேணும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எதுக்கு?"

"கடல் செய்யறதுக்கு."

"வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"

"அக்கா கண்காட்சி வைக்கிறாங்கண்ணே."

"தெரியும்யா. என் பிசிறை வச்சு நான் என்ன சோப்பு போடறேன்னு கண்டுபிடிக்கப் பார்க்கிற."

"நீங்க சோப்பு போடறீங்கங்கிறதே எனக்குப் புதுச் செய்திண்ணே."

ஒரு கணம் இஸ்திரிப் பெட்டி என் பக்கம் திரும்பியது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால், இளஞ்சிவப்பு! ஊரிலுள்ள அழகு நிலையங்களின் துவாலையெல்லாம் அவரிடம்தான் போகிறது. அக்கா அந்தப் பையைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள். "விடியுதுடா, விடியுது!" என்று அதை அறை முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மூன்று வாரமும் கடையில் ஒரே தும்மலும் சிரிப்பும்தான். எங்களைத் தும்ம வைத்துக்கொண்டே கடல் வளர்ந்தது. எதிர்க்கடைக்காரர் தினமும் பையோடு வந்து, "இன்னிக்குச் சரக்கு கொஞ்சம் ஊதா" என்று அறிவிப்பார். இடையில் நான் கடையின் கழிவுநீர்க் குழாயில் நெருக்கமான வலை ஒன்று பொருத்தினேன். தினமும் குனிந்து சுத்தம் செய்ய வேண்டும். நல்லவனாக இருப்பதில் முக்கால் பங்கு முதுகுவலிதான் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாளே தானும் ஒன்று பொருத்தினார். இந்த முறை நான் கோபித்துக்கொள்ளவில்லை.

துவைத்த சாமான்களை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. மேசையில் அவை கிடந்த பக்கம் திரும்பாமலே நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா கடையின் அட்டை வில்லைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வாடிக்கையாளர் துணியில் குத்துகிற வில்லைகள்.

"எழுது" என்றாள்.

"என்னன்னு?"

"தினமும் என்ன எழுதுவ? அதையே எழுது. யாரோட சாமான், எப்படித் துவைச்ச?"

எழுதினேன். பொம்மைக் கை, ஒன்று. வாடிக்கையாளர்: கடல். கஞ்சி வேண்டாம். செருப்பு, ஒரு ஜோடி. வாடிக்கையாளர்: கடல். ஜோடி உத்தரவாதமில்லை. பல்துலக்கி. வாடிக்கையாளர்: கடல். கறை போகவில்லை என்று புகார் வந்தால் கடை பொறுப்பல்ல. மனைவி படித்துப் பார்த்துவிட்டு மடிப்பு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து என் நகைச்சுவைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஜாக்கிரதையாக நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தது. அறைக்குள் நுழைந்ததும் ஒரு சலவைக்கடைக் கவுன்ட்டர்; அதன்மேல் வில்லை குத்திய சாமான்கள், வாடிக்கையாளர் வந்து வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிற மாதிரி. அதைத் தாண்டினால் கடல். மார்பு உயரத்தில், சுவரிலிருந்து சுவர் வரை, நூல்களில் தொங்கியது. ஆட்கள் ஓரமாக நடக்க நடக்க அது மெல்லப் புரண்டது. பேசினால் சிலிர்த்தது. ஒரு சின்னப் பெண் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊத, அறையின் அந்தக் கோடிவரை ஓர் அலை ஓடியது. கூட்டம் "ஹோ" என்றது. அந்த "ஹோ"வுக்கு இன்னொரு அலை எழுந்தது.

எதிர்க்கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். தலை வாரி, நேர்வகிடு எடுத்திருந்தார். கிழக்கு மூலையில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்தச் சூரியோதயம் நம்ம கடைங்க" என்றார். மேடம் என்னிடம் வந்து, "ரொம்ப சுவாரசியம்" என்றார். அவரால் அதற்குமேல் போக முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும், கைகுலுக்கினேன். ஒருவர் கேமராவோடு வந்து, துவைக்கிற யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். தொலைநோக்கு என்றார் அவர். நான் மறுக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, ஐந்து நிமிடம் நான் கலைஞனாகவே நடமாடினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து.

மதியம் கூட்டம் குறைந்தது. அக்கா சுவரோரமாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். எங்கள் மூச்சுக்குக் கடலின் ஓரம் லேசாக ஏறி இறங்கியது. பொம்மைக் கை கவுன்ட்டரில் வில்லையோடு கிடந்தது. அதைப் பார்த்ததும் கலைஞன் இறங்கி, சலவைக்கடைக்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா."

"ம்."

"நான் துவைக்காம இருந்திருந்தா, அந்தச் சிப்பி, பாசியெல்லாம் அப்படியே இந்த அறையில வந்திருக்கும். அது நல்லா இருந்திருக்குமா, இது நல்லா இருக்கா?"

"கூட்டம் பரவாயில்ல, இல்ல?"

"அக்கா."

"அந்தப் பொண்ணு ஊதினா பாரு..."

"அக்கா, நான் மூணாங்கிளாஸ் பையன் இல்ல. நான் வரைஞ்சது நாற்காலின்னா நாற்காலின்னு சொல்லு. கெடுத்துட்டேனா?"

அவள் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் படங்களைப் பார்த்த கண். இப்போது 'நல்ல முயற்சி' வரும் என்று காத்திருந்தேன்.

"கெடுத்துட்ட" என்றாள். "அதுதான்டா நல்லா இருந்திருக்கும். இதைவிட ரொம்ப நல்லா. அந்த மாதிரி ஒண்ணு இனிமே என்னால சேர்க்க முடியாது." காலை மடக்கிக்கொண்டாள். "ஆனா அத்தனை வருஷம் அதைத் தனியாப் பொறுக்கினப்ப நான் ஒரு நாள்கூடச் சிரிச்சதில்ல. இந்த மூணு வாரமா சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது. எதை வச்சுக்கறேன்னு கேட்டா, இதைத்தான் வச்சுக்குவேன்."